டிரக் கேம்பர் வாங்கும் முன்: குளிர், எடை, காசு... எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரைஸ் கேன்யன், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் குளிரில் ஒப்பீடே கிடையாது. ஜனவரி மாத இரவில் மைனஸ் 12 டிகிரி என்பது அங்கே சாதாரணம்.

அப்படி ஓர் இரவில், பிக்கப் டிரக்கின் முதுகில் ஏற்றிய சின்ன வீட்டுக்குள் ஒரு தம்பதி தூங்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டர் ஓடுகிறது. ஆனாலும் ஜன்னல் ஓரம் படுத்தவருக்கு முதுகு சில்லிடுகிறது. காலையில் பார்த்தால் மெத்தைக்கு அடியில் ஈரம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை, உறைந்துவிட்டது. “அடுத்த தடவை நல்ல இன்சுலேஷன் இருக்கிற பெரிய கேம்பரா வாங்கிடணும்” என்று முடிவெடுக்கிறார்கள்.

இந்த முடிவு சரியா? பாதி சரி. மீதிப் பாதிக்கான பதில், அவர்கள் டிரக்கின் கதவோரம் ஒட்டியிருக்கும் ஒரு ஸ்டிக்கரில் இருக்கிறது.

வட அமெரிக்காவில் டிரக் கேம்பர் வாங்க நினைக்கும் எல்லோரும் மூன்று விஷயங்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். வெப்பக் காப்பு, எடை, விலை. மூன்றும் ஒரே நேரத்தில் சிறப்பாகக் கிடைக்காது. அப்படியானால் எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடவே கூடாது?

டிரக் கேம்பர் என்றால் என்ன?

கேரவன் என்றதும் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வண்டி நினைவுக்கு வரும். டிரக் கேம்பர் அப்படி இல்லை. இதற்குச் சக்கரம் கிடையாது. பிக்கப் டிரக்கின் பின்பக்கச் சரக்குத் தொட்டிக்குள் அப்படியே நுழைத்து, நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். டிரைவர் கேபினுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் படுக்கை இருக்கும். உள்ளே அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, சிலவற்றில் கழிவறையும் உண்டு. ஊர் திரும்பியதும் நான்கு ஜாக்கிகளில் தூக்கி நிறுத்திவிட்டு, டிரக்கை வெளியே எடுத்து அன்றாட வேலைக்கு ஓட்டலாம். இதுதான் இதன் பெரிய வசதி.

இதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. ஒன்று, சுவர்கள் முழுக்கக் கெட்டியாக இருக்கும் ‘ஹார்டு சைடு’. இன்னொன்று, நிறுத்திய பிறகு கூரையை மேலே தூக்கும் ‘பாப்-அப்’. தூக்கிய கூரைக்கும் கீழ்ச் சுவருக்கும் நடுவில் கூடாரத் துணி போன்ற மென்சுவர் இருக்கும். பாப்-அப் எடை குறைவு, உயரம் குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் குளிர் உள்ளே வருவது அந்தத் துணி வழியாகத்தான்.

முதலில் பார்க்க வேண்டியது கேம்பரை அல்ல, டிரக்கை

அமெரிக்காவில் விற்கும் பிக்கப் டிரக்கின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் டயர் காற்றழுத்தம் பற்றிய ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். அதில் ஒரு வரி: பயணிகள், சரக்கு இரண்டும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது. இதுதான் அந்த டிரக்கின் பேலோடு, அதாவது சுமை வரம்பு.

இந்த எண் டிரக்குக்கு டிரக் மாறும். ஒரே மாடலில்கூட நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், கண்ணாடிக் கூரை, லெதர் சீட் என்று வசதி ஏற ஏற, சுமை வரம்பு இறங்கும். காரணம் எளிது. டிரக்கின் மொத்த எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. டிரக்கின் சொந்த எடை கூடினால், ஏற்றக்கூடிய எடை குறையத்தானே செய்யும்? அதனால் விளம்பரத்தில் வரும் “அதிகபட்ச பேலோடு” எண்ணை நம்பிப் பயனில்லை. அது பெரும்பாலும் வசதிகள் குறைந்த, இரண்டு கதவு டிரக்கின் எண்ணாக இருக்கும்.

அமெரிக்க பிக்கப்களை ‘அரை டன்’, ‘முக்கால் டன்’, ‘ஒரு டன்’ என்று பிரிப்பது வழக்கம். ஃபோர்டில் எஃப்-150, எஃப்-250, எஃப்-350 என்று வரிசை. இந்தப் பெயர்கள் பழைய காலத்துச் சுமை அளவில் இருந்து வந்தவை, இன்றைய எண்களோடு பொருந்தாது. நான்கு கதவுள்ள அரை டன் டிரக் ஒன்றின் ஸ்டிக்கரில் 680 கிலோ என்பது அடிக்கடி பார்க்கக்கூடிய எண். பின்னால் இரட்டைச் சக்கரம் கொண்ட ஒரு டன் டிரக்குகளில் அது 2,000 கிலோவையே தாண்டும்.

‘வெற்று எடை’ என்னும் வலை

கேம்பர் நிறுவனங்கள் தங்கள் பிரசுரத்தில் போடுவது ‘வெற்று எடை’. அதாவது தண்ணீர் இல்லாமல், கேஸ் இல்லாமல், சாமான் இல்லாமல் உள்ள எடை. பல நேரங்களில் கூடுதல் வசதிகளின் எடையும், சில நேரங்களில் பேட்டரியின் எடையும் இதில் சேர்ந்திருக்காது.

பிரைஸ் கேன்யன் தம்பதியையே எடுத்துக்கொள்வோம். அவர்களிடம் 680 கிலோ வரம்புள்ள அரை டன் டிரக் இருக்கிறது. பிரசுரத்தில் 500 கிலோ என்று போட்ட பாப்-அப் ஒன்றைப் பார்க்கிறார்கள். “680-ல 500 போனா இன்னும் 180 கிலோ மிச்சம் இருக்கே!” என்று தோன்றும். இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம்:

- கேம்பரின் வெற்று எடை: 500 கிலோ
- 75 லிட்டர் தண்ணீர்: 75 கிலோ
- நிரம்பிய புரொபேன் சிலிண்டர் ஒன்று: 17 கிலோ
- ஒரு லெட்-ஆசிட் பேட்டரி: 27 கிலோ
- ஃபிரிட்ஜ், ஹீட்டர், வெய்யில் மறைப்பு போன்ற கூடுதல் வசதிகள்: 90 கிலோ
- கட்டும் கொக்கிகள், தாங்கிகள்: 20 கிலோ
- துணிமணி, சாப்பாடு, பாத்திரம், கருவிகள்: 100 கிலோ
- இரண்டு பேரும் ஒரு நாயும்: 165 கிலோ

மொத்தம் 994 கிலோ. வரம்பைவிட 314 கிலோ அதிகம். 500 கிலோ கேம்பர் என்று நினைத்தது, சாலையில் இறங்கும்போது கிட்டத்தட்ட ஒரு டன் சுமை.

இதனால்தான் அனுபவஸ்தர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுவார்கள். ஸ்டிக்கர் எண்ணில் இருந்து முதலில் ஆட்களைக் கழி, பிறகு தண்ணீர், கேஸ், சாமான்களைக் கழி, கடைசியில் மிஞ்சுவதுதான் கேம்பருக்கான எடை. இந்தத் தம்பதிக்கு மிஞ்சுவது 186 கிலோதான். அதாவது, இந்த டிரக்கில் அவர்கள் ஆசைப்படும் வசதிகளோடு எந்த முழு கேம்பரும் ஏறாது. வசதிகளைக் குறைத்து, அடுப்பும் ஃபிரிட்ஜும் இல்லாத, கூரை மட்டும் தூக்கும் எளிய ‘டாப்பர்’ வகைக்குப் போகலாம். இல்லாவிட்டால் டிரக்கையே மாற்ற வேண்டும்.

கூடுதல் ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடாதா?

“ஏர் பேக் ஒண்ணு மாட்டிட்டா போதும், தாங்கும்” என்ற ஆலோசனை எல்லா ஊரிலும் கிடைக்கும். பின்பக்கம் தொங்கிப் போவதை ஏர் பேக் நிமிர்த்திவிடும், உண்மைதான். வண்டி ஆடுவதும் குறையும். ஆனால் தயாரிப்பாளர் கொடுத்த எடை வரம்பு இதனால் ஒரு கிலோகூட உயராது. பிரேக் அதேதான், ஆக்ஸில் அதேதான், சேசிஸ் அதேதான். டிரக் பார்க்க நேராக நிற்கிறது என்பதற்காகச் சுமை குறைந்துவிடாது.

எடை எவ்வளவு என்பதோடு, அது எங்கே உட்கார்கிறது என்பதும் முக்கியம். கேம்பரின் எடை மையம் பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பின்னால் போனால், முன் சக்கரங்கள் இலேசாகி ஸ்டீயரிங் பிடிப்பு குறையும். சேசிஸின் பின்பகுதியும் ஒவ்வொரு பள்ளத்திலும் நெம்புகோல் போலக் கீழே இழுபடும். எடை மையம் எங்கிருந்து எங்குவரை இருக்கலாம் என்பதை டிரக் உற்பத்தியாளர் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் மத்திய அரசின் விதியே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா பகுதியில் மிகப்பெரிய கேம்பரைச் சுமந்து சென்ற ஒரு டன் டிரக் ஒன்றின் சேசிஸ் நடுவில் வளைந்து நின்ற படங்கள் இணையத்தில் பரவின. அரை டன் டிரக் அல்ல, பெரிய டிரக்கே அந்தக் கதிக்கு ஆளானது. “பெரிய டிரக் இருக்கு, எதையும் ஏத்தலாம்” என்ற நம்பிக்கையைப் பலருக்கும் அசைத்துப் பார்த்த படம் அது.

இப்போது குளிருக்கு வருவோம்: சுவருக்குள் என்ன இருக்கிறது?

வெப்பக் காப்பை அமெரிக்காவில் ‘ஆர் மதிப்பு’ என்ற எண்ணால் அளக்கிறார்கள். எண் கூடினால், வெப்பம் வெளியேறுவது குறையும். கேம்பர் சுவர்களில் பொதுவாக இருப்பவை இவை:

- இபிஎஸ், அதாவது நமக்குத் தெரிந்த தெர்மாகோலின் கெட்டியான வடிவம்: ஓர் அங்குலத்துக்கு ஆர் 4 அளவு
- எக்ஸ்பிஎஸ் என்னும் நெருக்கமான நுரைப் பலகை: ஓர் அங்குலத்துக்கு ஆர் 5
- பாலிஐசோ நுரைப் பலகை: ஓர் அங்குலத்துக்கு ஆர் 6 அளவு. ஆனால் கடும் குளிரில் இதன் திறன் கொஞ்சம் இறங்கும்
- கண்ணாடி இழைப் பஞ்சு: ஓர் அங்குலத்துக்கு ஆர் 3-ல் இருந்து 4-க்குள். ஈரம் பட்டால் கெட்டுவிடும்

கேம்பர் சுவர் மொத்தமே ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம், அதிகம் போனால் இரண்டு அங்குலம். வீட்டுச் சுவரோடு ஒப்பிட்டால் இது சட்டை அளவுக்குத்தான்.

பிரசுரத்தில் போடும் ஆர் எண், நுரைக்கு மட்டும் உரியது. சுவரில் நுரை மட்டுமா இருக்கிறது? சட்டகமும் இருக்கிறதே. அலுமினியச் சட்டகம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். நல்ல நுரை போட்டுவிட்டு நடுவில் அலுமினியக் கம்பி ஓடவிட்டால், அந்தக் கம்பி வழியே வெப்பம் நேராக வெளியே போய்விடும். இதை ‘வெப்பப் பாலம்’ என்பார்கள். குளிர் இரவில் உள்சுவரில் கோடு கோடாக ஈரம் தெரிந்தால், அந்தக் கோட்டுக்குப் பின்னால் அலுமினியம் இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் மரச் சட்டகம் நல்லதா? வெப்பக் காப்புக்கு நல்லது, விலையும் குறைவு. ஆனால் கூரை மூட்டில் தண்ணீர் கசிந்தால் உள்ளுக்குள்ளேயே மக்கிப் போகும். வெளியில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். இந்த இரண்டு சிக்கலுக்கும் பதிலாக, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கும் பிக்ஃபுட், நார்தர்ன் லைட் போன்ற நிறுவனங்கள் வேறு வழியில் போயின. சிப்பியின் இரண்டு ஓடுகள் போல மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு ஃபைபர் கிளாஸ் அச்சுகளைச் செய்து ஒட்டுகிறார்கள். கூரையில் மூட்டு இல்லாததால் கசிவு குறைவு. விலையும் எடையும் அதற்கேற்ப ஏறும்.

பெரிய ஓட்டை சுவர் இல்லை, ஜன்னல்

ஓர் எளிய கணக்கு இதைப் புரியவைக்கும். வெளியே மைனஸ் 12, உள்ளே 18 டிகிரி. வித்தியாசம் 30 டிகிரி. ஆர் 8 அளவுக்குக் காப்பு உள்ள 35 சதுர மீட்டர் சுவர், கூரை, தரை வழியாக வெளியேறும் வெப்பம் சுமார் 750 வாட். அதே கேம்பரில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள், கூரைத் திறப்பு எல்லாம் சேர்த்து 3 சதுர மீட்டர் என்றால், அதன் வழியாக மட்டும் சுமார் 500 வாட்!

பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் வெளியேறும் வெப்பத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அதன் வழியாகத்தான் போகிறது. அதனால் சுவரின் தடிமனைக் கால் அங்குலம் கூட்டுவதைவிட, இரட்டை அடுக்கு அக்ரிலிக் ஜன்னல் இருக்கிறதா, கூரைத் திறப்புக்கு உள்மூடி இருக்கிறதா என்று பார்ப்பது பலன் தரும். அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள் நுரைத் தாளை ஜன்னல் அளவுக்கு வெட்டி இரவில் செருகிக்கொள்கிறார்கள். எடை ஒரு கிலோகூட வராது.

பாப்-அப் கதை என்ன? துணிச்சுவர் 9 சதுர மீட்டர், மீதிக் கெட்டிப் பகுதியில் ஆர் 4 அளவு காப்பு என்று வைத்துக்கொண்டால், மொத்த இழப்பு சுமார் 2,500 வாட். ஹார்டு சைடின் 1,250 வாட்டோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு. துணிக்கு உள்பக்கம் மாட்டும் ‘தெர்மல் லைனர்’ என்ற இரண்டாம் திரை, துணியின் காப்பை இரட்டிப்பாக்கும் என்று கொண்டால் இழப்பு 1,700 வாட்டுக்கு இறங்கும். காற்றுக் கசிவைச் சேர்க்காத தோராயக் கணக்குதான் இது. ஆனால் எது பெரிது, எது சிறிது என்பது தெரிந்துவிடும்.

அந்த வித்தியாசம் கேஸில் எவ்வளவு?

மூன்று அம்சங்களையும் ஒரே தராசில் வைக்க உதவும் கேள்வி இது. ஒரு கிலோ புரொபேன், ஹீட்டரின் இழப்புகள் போக, ஏறக்குறைய 10 யூனிட் வெப்பம் தரும். 12 மணி நேர இரவுக்கு ஹார்டு சைடுக்குத் தேவை 15 யூனிட், அதாவது ஒன்றரைக் கிலோ கேஸ். பாப்-அப்புக்கு 30 யூனிட், மூன்று கிலோ. லைனர் மாட்டினால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல்.

9 கிலோ சிலிண்டர் ஒன்று ஹார்டு சைடில் ஆறு இரவு வரும், பாப்-அப்பில் மூன்று இரவு. வருடத்தில் பத்து கடும் குளிர் இரவுகள் மட்டும் வெளியே தங்குகிறவருக்கு மொத்த வித்தியாசம் 15 கிலோ கேஸ். நம் வீட்டு சிலிண்டர் ஒன்றைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்! இந்தச் சேமிப்புக்காகப் பல ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்து, பல நூறு கிலோ கூடுதலாகச் சுமப்பது கட்டுப்படியாகாது.

ஆனால் குளிர்காலம் முழுக்க, நூற்றுக்கும் மேற்பட்ட இரவுகள் அதிலேயே வாழப் போகிறவருக்குக் கணக்கு வேறு. அவருக்குக் கேஸ் மட்டுமல்ல, பேட்டரியும் பிரச்சினை. ஹீட்டரின் விசிறி மின்சாரத்தில் ஓடுகிறது. காப்பு குறைந்தால் அது அதிக நேரம் ஓடும். ஓர் இரவில் 30 ஆம்பியர்-மணிவரை குடித்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்திருப்பவருக்கு இன்னொரு தொல்லை. உள்ளே சூடாக்கும் வசதி இல்லாவிட்டால், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது.

கேஸ் தீர்க்காத இரண்டு பிரச்சினைகள்

முதலாவது, ஈரம். ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உருவாகிறது. வேன், கேம்பர்களில் பொருத்தும் ஹீட்டர்கள் புகையைக் குழாய் வழியே வெளியே தள்ளிவிடும். ஆனால் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்ந்தால் அத்தனை ஈரமும் உள்ளேதான். கூடவே கார்பன் மோனாக்சைடு ஆபத்து, அது உயிருக்கே உலை வைக்கும். தூங்குகிறவர்களின் மூச்சும் சேர்ந்து, குளிர்ந்த இடத்தில் நீர்த்துளியாக உட்காரும். மெத்தைக்கு அடியில் வந்த ஈரம் இதுதான். நல்ல காப்பு இதைக் குறைக்கும். ஆனால் கூரைத் திறப்பைக் கொஞ்சம் திறந்து வைக்காமல் இது முழுதாகத் தீராது.

இரண்டாவது, தண்ணீர்க் குழாய். அறை 18 டிகிரியில் இருந்தாலும், குழாய் வெளிச்சுவரை ஒட்டிப் போனால் உறைந்துவிடும். குளிருக்கென்றே செய்த கேம்பர்களில் தொட்டியும் குழாயும் சூடான காற்று ஓடும் அறைக்குள் இருக்கும். மற்றவற்றில் குளிர்காலத்தில் தொட்டியைக் காலி செய்துவிட்டு, கேனில் தண்ணீர் வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. ஒரு வகையில் இது எடையையும் குறைக்கிறது.

‘நான்கு பருவ கேம்பர்’: இந்தப் பெயரை நம்பலாமா?

விற்பனைப் பிரசுரங்களில் ‘ஃபோர் சீசன்’ என்ற சொல் அடிக்கடி வரும். வட அமெரிக்காவில் இது பெரும்பாலும் விற்பனைச் சொல்தான். ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே கேரவன்களுக்கான தரநிலையில் மூன்று படிகள் உண்டு. உச்சப் படியான மூன்றாம் படிக்கு, வண்டியை மைனஸ் 15 டிகிரி அறையில் குளிரவைத்து, ஹீட்டரைப் போட்டு, நான்கு மணி நேரத்துக்குள் உள்ளே 20 டிகிரி வருகிறதா என்று சோதிப்பார்கள்.

அதனால் அமெரிக்காவில் வாங்குகிறவர்கள் பெயரை விட்டுவிட்டுக் கேள்வி கேட்பதே நல்லது. சட்டகம் மரமா, அலுமினியமா, சட்டகமே இல்லாத ஒட்டுப்பலகையா? ஜன்னல் ஒற்றையா, இரட்டையா? தரையிலும் படுக்கைக்கு அடியிலும் காப்பு இருக்கிறதா? தொட்டி எங்கே இருக்கிறது? இந்த நான்கு பதிலும் வந்தால் படம் தெளிவாகிவிடும்.

விலை: கேம்பரோடு முடிவதில்லை

புதிய கேம்பர்களின் விலை தோராயமாக இப்படிப் போகிறது. உள்ளே எதுவும் இல்லாத பாப்-அப் கூடு 10,000 டாலரில் இருந்து 20,000 டாலர்வரை. எல்லா வசதியும் கொண்ட பாப்-அப் 25,000-க்கு மேல். ஹார்டு சைடு 30,000-ல் தொடங்கி, பக்கவாட்டில் விரியும் பெரிய மாடல்களில் 70,000 டாலரையும் தாண்டும்.

ஆனால் கையைக் கடிப்பது இந்த வித்தியாசம் அல்ல. நல்ல காப்பு வேண்டும் என்று ஹார்டு சைடுக்குப் போனால் எடை கூடும். நடுத்தர ஹார்டு சைடு ஒன்று சாமானோடு ஒன்றரை டன்னைத் தொடும். அதைச் சுமக்க அரை டன் டிரக் போதாது, ஒரு டன் டிரக் வேண்டும். ஓரளவு வசதியான டீசல் ஒரு டன் டிரக்கின் விலை 70,000 டாலரைத் தாண்டுகிறது. அதற்கு டயர் செலவு அதிகம், எரிபொருள் அதிகம், ஊருக்குள் பார்க்கிங் கஷ்டம். அதாவது, சுவரில் கூடிய ஓர் அங்குல நுரையின் உண்மையான விலைச்சீட்டு டிரக் ஷோரூமில்தான் தெரியும்.

ஏற்கெனவே ஒரு டன் டிரக் வைத்திருப்பவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவர் தாராளமாகக் காப்பைப் பார்த்து வாங்கலாம். அரை டன் டிரக்கை வைத்துக்கொண்டு தொடங்குபவர், டிரக்கையும் சேர்த்து ஒரே விலையாகப் பார்க்க வேண்டும்.

யாருக்கு எது பொருந்தும்?

*வார இறுதிப் பயணி.* வசந்தம், கோடை, இலையுதிர் காலங்களில் போகிறவர், பனியில் சில இரவுகள் மட்டும். அவருடைய டிரக் தாங்கும் இலேசான பாப்-அப், தெர்மல் லைனர், நல்ல ஹீட்டர், ஒரு கூடுதல் சிலிண்டர். இதுவே போதும்.

*பனிச்சறுக்குக்காகவே போகிறவர்.* வருடத்துக்கு முப்பது, நாற்பது குளிர் இரவுகள். ஈரமான உடையை உலர்த்த வேண்டும், கூரையில் பனி குவியும், பாப்-அப் கூரையைத் தினமும் பனியோடு தூக்குவது பெரும் பாடு. அவருக்குச் சிறிய ஹார்டு சைடு, இரட்டை ஜன்னல், முக்கால் டன் டிரக்காவது தேவை. ஸ்டிக்கர் கணக்கைப் போட்ட பிறகு ஒரு டன்னாகவும் ஆகலாம்.

*வருடம் முழுக்க அதிலேயே வாழ்பவர்.* ஃபைபர் கிளாஸ் ஓடு, உள்ளே வைத்த தொட்டிகள், ஒரு டன் டிரக். இங்கே காப்புக்குக் கொடுக்கும் காசு ஒவ்வொரு இரவும் திரும்பி வரும். வெயிலுக்கும் இதே காப்புதான் காவல். ஜனவரியில் அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில் கூடும் ஆயிரக்கணக்கான வண்டிவாசிகளைப் போல, குளிரை விட்டு ஓடிவிடுவதாக இருந்தால் காப்பில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. கனடாவின் யூகான் பிரதேசத்தில் உள்ள வைட்ஹார்ஸ் போன்ற ஊர்களில் டிரக்கோடு சேர்த்தே கேம்பர் வாடகைக்குக் கிடைக்கிறது. குளிரான ஓர் இரவைக் கழித்துப் பார்த்தாலே, பிரசுரத்தில் இல்லாத பல விஷயங்கள் புரிந்துவிடும்.

இந்தியாவில் செய்ய முடியுமா?

இந்தியாவிலும் பிக்கப் வண்டிகளைத் தனிப்பயன்பாட்டுக்கு வாங்குகிறார்கள். பின்னால் ஒரு சின்ன வீட்டை வைத்தால் என்ன என்ற ஆசை வருவது இயல்பு. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் விவரத்தில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. எனவே பட்டறைக்குப் போவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது அவசியம். எடைக் கணக்கு மட்டும் எந்த நாட்டுக்கும் ஒன்றுதான்.

கடைசியாக ஒரு வேலை

கேம்பரை ஏற்றி, தண்ணீர் நிரப்பி, ஆட்களும் சாமானும் ஏறிய பிறகு ஒரு முறை எடை போட வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் நிற்கும் இடங்களில் ‘கேட் ஸ்கேல்’ என்ற எடை மேடைகள் உண்டு. சில டாலர் கட்டணம். முன் ஆக்ஸில் எவ்வளவு, பின் ஆக்ஸில் எவ்வளவு என்று தனித்தனியாகச் சீட்டு கொடுத்துவிடுவார்கள். அந்தச் சீட்டைக் கதவோரத்தில் இருக்கும் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

காப்பு குறைந்தால் லைனர் போடலாம், ஜன்னலை மூடலாம், கூடுதலாக ஒரு சிலிண்டர் எரிக்கலாம், இன்னொரு போர்வை போர்த்திக்கொள்ளலாம். காசு குறைந்தால் பழையது வாங்கலாம், அடுத்த வருடம்வரை காத்திருக்கலாம். எடை கூடினால் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் நேரத்தில் செய்வதற்கு எதுவும் இல்லை. அதனால் அந்தத் தம்பதி அடுத்த கேம்பரைப் பார்க்கப் போகும் முன், டிரக்கின் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போகட்டும்.